தாழ்ப்பாள் இல்லாத மாடி வீடு

விருதுநகர்,
14 ஜூன் 2009, ஞாயிற்றுக்கிழமை,
காலை 6.40 மணி.

அன்புள்ள கதிரேசனுக்கும், சிவகாசியில் மாரிச்சாமி அண்ணாச்சியின் கட்டடத்தில் குடியிருந்த மற்ற அனைவருக்கும்,

1. செய்தி வந்த விதம்

கடந்த வியாழக்கிழமை, 11ஆம் தேதி காலையில் தொலைபேசி ஒலித்தது. பேசியது அண்ணாச்சியின் மகன் கதிரேசன். "மாமா, அப்பா போயிட்டாக. நெஞ்சு வலி" என்றான். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். "மணியா மாமா இப்பம் முக்கியம்?" என்று அழுகையின் நடுவிலும் சலித்துக்கொண்டான். பணிக்காலம் முழுவதும் தினசரிக் காலண்டர்களுக்கு மெய்ப்புத் திருத்தி ஓய்வு பெற்றவனிடம் வேறு எந்தக் கேள்வியை எதிர்பார்த்தான் என்று தெரியவில்லை.

அன்றே நானும் மனைவி செண்பகமும் சிவகாசி சென்று வந்தோம். நேற்று, சனிக்கிழமை, பதினாறாம் நாளுக்கான அஞ்சலி அட்டையின் மெய்ப்பு என் கைக்கு வந்தது. அதில் சேர்க்க நான்கு வரி எழுதித் தரவேண்டும் என்று கதிரேசன் கேட்டிருந்தான். அட்டையில் அண்ணாச்சி பிறந்த ஆண்டு இரண்டு இடங்களில் இரண்டு விதமாக இருக்கிறது. அதைத் திருத்திவிடலாம். "அமைதியின் உருவம், அதிர்ந்து பேசாதவர்" என்று அச்சிட்டிருக்கிறீர்களே, அதை எங்கே தொடங்கித் திருத்துவது? உங்களில் எவரையேனும் அவர் அதிர்ந்து பேசாமல் விட்டதுண்டா? நான்கு வரி என்னால் ஆகாது. ஆகவே இந்தக் கடிதம்.

2. வீடும் வீட்டுக்காரரும்

எனக்கும் செண்பகத்துக்கும் 4 பிப்ரவரி 2001, ஞாயிற்றுக்கிழமை திருமணம் நடந்தது. எனக்கு வயது ஐம்பத்து நான்கு, அவளுக்கு நாற்பத்தாறு. தம்பி தங்கைகளைக் கரையேற்றுவதிலேயே இருவருக்கும் காலம் போயிருந்தது. அந்த வயதில் புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் என்று சொல்லிக்கொண்டு போய் நின்றபோது சிவகாசியில் பலரும் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வீடு காலி இல்லை என்றார்கள். அண்ணாச்சி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. "மாடி கிடக்கு. வந்து இருங்க" என்றார். எதையும் கேட்காமல் வீடு கொடுத்தவரிடம் நாமும் சிலவற்றைக் கேட்டிருக்க வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது.

ஓர் அறை, ஒரு சமையலறை. அதற்குமுன் அங்கே பட்டாசுப் பெட்டிகளுக்கு ஒட்டும் லேபிள் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். தரையில் பசை காய்ந்து திட்டுத் திட்டாக நின்றது. சுவரில் கைபட்டால் சுண்ணாம்பு உதிர்ந்தது. குழாயில் தண்ணீர் வரும் நாளைக் காலண்டரில் குறித்துக்கொள்ளலாம் என்று முயன்று தோற்றேன். இவை எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருப்போம். கதவைத்தான் பொறுக்க முடியவில்லை.

அண்ணாச்சி, எம். புதுப்பட்டி என்ற ஊர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வெடிமருந்து கலக்கும் அறைக்கு என்ன விதியோ அதுவே தம் வீட்டுக்கும் விதி என்று வைத்திருந்தார். கதவு வெளிப்பக்கமாகத்தான் திறக்கும். பால் காய்ச்சிக் குடியேறிய அன்று, படியேறி வந்த செண்பகத்தின் கையிலிருந்த பால் செம்பை அந்தக் கதவு காற்றில் விசிறித் தட்டிவிட்டது. இரண்டாம் முறை பால் வாங்கி வந்து காய்ச்சினோம். அன்று இரவுதான் கவனித்தோம், கதவில் தாழ்ப்பாளே இல்லை.

மறுநாள் அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"உள்ள ஆளு இருக்கையில தாழ்ப்பாள் எதுக்குங்கேன்? அவசரத்துக்கு எப்படி வெளிய ஓடுவீக?"

"எதற்காக ஓட வேண்டும்?"

"அது முன்கூட்டித் தெரியுமாக்கும்?"

"திருடன் வந்தால்?"

"படிக்கட்டுக்குக் கீழ கட்டில் போட்டு நான்தான படுத்திருக்கேன். என்னைத் தாண்டி எவன் வருவான்?"

செண்பகம் சாத்தூரில் ஆசிரியை. தினமும் பேருந்தில் போய் வந்தாள். என்னை 'ஸார்' என்றே அழைத்தாள். எங்களுக்குள் பேச்சு என்பது உப்பு போதுமா, பேருந்து கிடைத்ததா என்ற அளவில் நின்றது. அவளுடைய பெட்டி கட்டியபடியே சுவரோரம் இருந்தது. ஒருநாள் சொன்னாள்: "கதவைச் சாத்த முடியாத வீட்டுல நான் எப்படி ஸார் இருப்பேன்? சேலை மாத்தக்கூட பயமா இருக்கு. முழுப் பரீட்சை லீவு வரைக்கும் பாக்கேன். அப்புறம் அக்கா வீட்டுக்குப் போயிருதேன்." அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு கலக்கம் வந்திருக்காது. பள்ளிக்கு விடுப்பு சொல்வதுபோலச் சொன்னாள்.

அண்ணாச்சி வெளியே போயிருந்த நேரத்தில் தச்சரை வரவழைத்துப் பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்று போட்டேன். மறுநாள் வேலை முடிந்து வந்தபோது அது கழற்றப்பட்டு, செய்தித்தாளில் பொதிந்து படியில் வைக்கப்பட்டிருந்தது. "இந்தாங்க உங்க சாமான். ஸ்குரு நாலும் சரியா இருக்கான்னு பாத்துக்கிடுங்க" என்றார். மறுபடியும் போட்டேன். மறுபடியும் பொட்டலம் படிக்கு வந்தது.

இம்முறை செண்பகமே இறங்கிப்போய்க் கேட்டாள். அண்ணாச்சி வழக்கம்போல அதட்டவில்லை. "கம்பெனியில ஒருநா, காத்துக்குக் கதவு அடிக்குன்னு உள்பக்கமாக் கொண்டி போட்டுட்டாக தாயி. நான் வெளிய நின்னேன்" என்றார். அதன்பின் அவரிடம் தாழ்ப்பாளைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. வாய்விட்டுக் கேட்க முடியாமல் போனதால் எரிச்சல் இரட்டிப்பானது. "அப்பம் ஆளுக சொல்லாமக் கொள்ளாம உள்ள வந்துருதாகளே, அதுக்கு என்ன செய்ய அண்ணாச்சி?" என்று மட்டும் செண்பகம் கேட்டாள். "அதை நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

பார்த்துக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, இருக்கன்குடி கோயிலுக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் தெருவில் நன்கொடை கேட்டு வந்தார்கள். ஒருவர் படியில் கால் வைத்ததும் கீழிருந்து அண்ணாச்சியின் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"ஏலே, மேல போகாத! அங்கன புதுசாக் கல்யாணம் முடிச்சவுக இருக்காக!"

"யாரு அண்ணாச்சி? அந்தக் கண்ணாடி போட்ட பெரியவரா?"

"வயசு என்னலே வயசு? புதுசு புதுசுதான். பொறுத்து வா!"

தெருவே சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். செண்பகம் எழுந்தாள், கதவை அவள் தள்ளிய வேகத்தில் அது சுவரில் மோதிச் சுண்ணாம்பு கொட்டியது. விறுவிறுவென்று கீழே இறங்கிப் போனாள்.

"அண்ணாச்சி, உங்களுக்கு வெக்கமா இல்லையா?"

"எனக்கு எதுக்குத் தாயி வெக்கம்? கல்யாணம் முடிச்சது நீங்க."

"அவுக வாயைத் தொறக்காம இருக்காகன்னுதான இம்புட்டும் பண்ணுதீக? அவுகளைப் பெரியவருங்கான் ஒருத்தன், நீங்களும் கேட்டுக்கிட்டு இருக்கீக!"

மாடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, அந்த 'அவுக' நான்தான் என்பது சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது. மேலே வந்தவள் மூச்சு வாங்க உட்கார்ந்து, "எம்புட்டுத் திமிரு பாத்தீகளா?" என்றாள். பால் செம்பிலிருந்து தொடங்கினோம். அவர் செய்தவை ஒவ்வொன்றையும் நான் சொல்ல, நான் விட்டதை அவள் சொல்ல, அவருடைய குரலிலேயே அவள் பேசிக் காட்ட, சோறு ஆறிப்போனதைக்கூட நாங்கள் கவனிக்கவில்லை. அன்று மாலை அவள் பெட்டியைத் திறந்து சேலைகளைக் கொடியில் மடித்துப் போட்டாள்.

அந்த வீட்டில் ஆறு ஆண்டுகள் இருந்தோம். சாத்தூர் பேருந்திலிருந்து இறங்கி வந்து பையை வைப்பதற்குள், "இன்னைக்கு என்ன பண்ணுனாரு?" என்பாள். என்னிடம் பதில் இல்லாத நாள் ஒன்றுகூட இல்லை. சட்டென்று தீப்பற்றும் நைலக்ஸ் சேலையோடு அடுப்பருகே நின்றாள் என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். மறுநாள் இரண்டு நூல் சேலைகளை வாங்கி வந்து படியில் வைத்தார். அது குற்றமா குணமா என்று ஒரு வாரம் வாதாடினோம். 2007 மே மாதம் செண்பகத்துக்கு விருதுநகருக்கு மாறுதல் கிடைத்தது. இப்போதைய வீட்டில் சகல வசதியும் உண்டு. வீட்டுக்காரர் நல்லவர். அவரைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. நல்லவேளையாக அண்ணாச்சி ஞாயிறுதோறும் தொலைபேசியில் அழைத்து, சுவரில் நாங்கள் ஆணியை விட்டுவந்தது முதலானவற்றுக்காக ஏசினார். எங்கள் வாரம் அதில் ஓடியது.

3. நான் வைத்துக்கொள்வது

அடக்கம் முடிந்து திரும்பிய இரவு நானும் செண்பகமும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். கல்யாணம் ஆன புதிதில் இருந்த அதே பேச்சின்மை வந்துவிட்டதோ என்று அஞ்சினேன். வெகுநேரம் கழித்து அவள் சொன்னாள்: "போன ஞாயித்துக்கிழமை அம்புட்டு நேரம் போன்ல பேசுனாரே, நெஞ்சு வலிக்குன்னு ஒரு வார்த்தை சொன்னாரா பாருங்க. எம்புட்டு அழுத்தம்!"

"எதை அவர் முன்கூட்டிச் சொல்லியிருக்கிறார்?" என்றேன் நான்.

அங்கே தொடங்கியது. சொல்லாமல் போனதற்காக அவரை இருவரும் விடியும்வரை திட்டினோம். நடுவில் அவள் இரண்டு முறை அழுதாள், நான் ஒரு முறை. அவர்மேல் எனக்குள்ள எரிச்சல் சற்றும் குறையவில்லை. அதை நான் வைத்துக்கொள்கிறேன். அட்டையில் அச்சிடுவதற்காக அதை அன்பு என்றும் பண்பு என்றும் மாற்றித் தர என்னால் இயலாது.

இத்துடன் இணைத்திருப்பவை:

1. அஞ்சலி அட்டையின் மெய்ப்பு, பிழைகள் சிவப்பு மையில் குறிக்கப்பட்டது.
2. படிக்கட்டின் கீழ் அண்ணாச்சி யாரையோ அதட்டிக்கொண்டிருக்கும் புகைப்படம் ஒன்று. அட்டையில் இதைப் போடவும். கைகட்டி நிற்கும் படம் வேண்டாம்.
3. செண்பகம் தன் கைப்பட எழுதிய நான்கு வரிகள். இவற்றில் பிழைகள் உள்ளன. நான் கை வைக்கக் கூடாதாம்.