‘போயிட்டு வாறன்’ என்றொரு பொத்தான்

கிளிநொச்சியில், ஜெனரேற்றரில் ஓடிய ஒரு கணினி நிலையத்தில் நாங்கள் இருவர்தான் வேலை செய்தோம்: நானும், வவுனியாவிலிருந்து வந்து தங்கியிருந்த ஒருத்தியும். ரியூசனுக்குப் போகும் பிள்ளைகள் பரீட்சை மாதிரி வினாத்தாள்களைக் கணினியிலேயே செய்து பார்க்க, ஜாவாவில் ஒரு வலைச்செயலி எழுதினோம். அதைச் சேர்வரில் ஏற்றி, எத்தனை பேரைத் தாங்கும் என்று சோதித்து முடித்ததும் அவள் ஊர் திரும்புவதாக இருந்தது. அங்கே வேலை கிடைத்துவிட்டது. எனக்கோ அந்தச் சோதனை முடியவே கூடாது.

வெளியேறும் பொத்தானில் என்ன எழுதுவது என்று கொஞ்சம் இழுபறி. ‘போகிறேன்’ என்று எங்கள் பக்கத்தில் யார் சொல்லுவார்கள்? செத்த வீட்டில்கூடச் சொல்லாமல்தான் எழும்பி வருவோம். ‘போயிட்டு வாறன்’ என்று எழுதினோம்.

சோதனைக்காக நூறு நூறு பேராகப் பொய் ஆட்களை உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்கும் நிரல் ஒன்று எங்களிடம் இருந்தது. பெயர்களை நான் கொடுத்தேன். என்னோடு படித்து, கனடா, லண்டன் என்று சிதறிப் போனவர்களின் பெயர்கள். வரிசையாகத் திரையில் வந்தார்கள், விடை எழுதினார்கள், போனார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. நிரலில் வெளியேறும் வரியை அழித்துவிட்டேன்.

அடுத்த சோதனையில் வந்தவர் எவரும் போகவில்லை. மேலும் மேலும் வந்தார்கள். நினைவகம் நிரம்பிச் சேர்வர் நின்றுவிட்டது. அவள் காரணத்தைத் தேடிப் பிடித்தாள்.

“ஏன் இதை எடுத்தனீர்?”

“எல்லாரும் போகினம். பார்க்க ஒரு மாதிரிக் கிடந்தது.”

அவள் சிரிக்கவில்லை. “அவை போனால்தான் மற்றவைக்கு இடம் வரும்,” என்று சொல்லி வரியைத் திரும்ப எழுதினாள். சேர்வர் தாங்கியது. பாழாய்ப்போனது இன்னும் நாலு நாள் அடம்பிடித்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

அவள் போகிற அன்று பஸ் வெளியே கோர்ன் அடித்தது. பாதி வேலையில் எழும்பி ஓடினாள்.

“போயிட்டு வாறன், என்ன?”

“ஓம்,” என்றேன்.

அவசரத்தில் பொத்தானை அழுத்த மறந்துவிட்டாள். திரையில் ‘உள்ளே இருப்பவர்கள்’ என்ற இடத்தில் அவள் பெயரும் என் பெயரும் மட்டும் தெரிந்தன. அரை மணி நேரம் சும்மா இருப்பவரைச் சேர்வர் தானே வெளியேற்றிவிடும். அந்த ஏற்பாட்டைச் செய்தவனே நான்தான். அவளுடைய கதிரையில் போய் இருந்தேன். நேரம் நெருங்கும்போதெல்லாம் அவள் கணினியில் ஏதாவது ஒரு கேள்வியைத் திறந்தேன்.

பின்னேரம் ஜெனரேற்றரை நிறுத்தும்வரை அவள் உள்ளேதான் இருந்தாள்.