வேலிக்கு வெளியே ஒரு ஸ்கூட்டர்

வாகைக்குளம் விமான நிலையத்தின் வேலியோரம் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஒரு பெண் வானத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். கையில் கறுப்புத் துணி கட்டியிருக்கிறார். ஏதோ துக்கம் போல என்று நினைத்து, பக்கத்துக் கடையில் வாங்கிய டீயைக் குடிக்கிறேன்.

"சென்னைக்கா போறீய?" என்று அவரே கேட்கிறார். பாளையங்கோட்டையில் டீச்சராம். "இப்ப வாற விமானத்த எங்க வீட்டுக்காரகதான் ஓட்டுதாக."

கறுப்புத் துணி அதற்காகத்தான். விமானிகள் சங்கம் கூடுதல் ஓய்வு நேரம் கேட்கிறது. பயணிகளுக்கும் தெரியட்டும் என்று துணி கட்டிக்கொண்டு ஓட்டுகிறார்கள், குடும்பத்தாரும் கட்டிக்கொள்கிறார்கள்.

வந்த விமானம் உடனே திரும்பிவிடும். கணவர் வெளியே வர நேரமில்லை, இவர் உள்ளே போக வழியில்லை.

"தூங்குனாகளான்னு ஒரு வார்த்த கேளுங்க. போன்ல கேட்டா, நல்லாத் தூங்குனேன்னுதான் சொல்லுதாக. நீங்க முகத்தப் பாத்துக் கேளுங்க. என் நம்பரத் தாரேன், என்ன சொன்னாகன்னு ஒரு மெசேஜ் போடுங்க."

விமானத்துக்கு நடந்தே போகிறோம். படிக்கட்டருகே குனிந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் கேப்டன். புஜத்தில் அதே கறுப்புத் துணி. டீச்சர் சொன்னபடி கேட்டுவிடுகிறேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, வேலியைப் பார்க்கிறார். இங்கிருந்து ஸ்கூட்டர் ஒரு புள்ளிதான்.

"நல்லாத் தூங்குனேன்னு சொல்லிருங்க."

கண் இரண்டும் சிவந்திருக்கிறது. தலையாட்டிவிட்டு ஏறுகிறேன்.

பெல்ட் மாட்டிய பிறகுதான் உறைக்கிறது: கேட்கச் சொன்னவர் வேலிக்கு வெளியே நிற்கிறார். நான் இந்த மனிதர் ஓட்டும் விமானத்துக்குள் இருக்கிறேன். கதவை மூடுகிறார்கள்.