மேகத்துக்கு ஒரு கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டரில் தடுப்பூசி வடிவமைப்பது என்பது, அடுப்புப் பக்கமே போகாமல் ஆயிரம் பேர் கல்யாணத்துக்குச் சமையல் குறிப்பு எழுதுகிற வேலை. கிருமியைத் தொட வேண்டாம், எலியைப் பிடிக்க வேண்டாம். கிருமியின் மரபணு முழுவதும் இணையத்தில் கிடக்கிறது. அதன் மேல்தோலில் இருக்கும் புரதங்களைப் பொறுக்கி, எந்தத் துண்டைப் பார்த்தால் நம் உடம்பு முறைத்துக்கொண்டு சண்டைக்குப் போகும் என்று கணக்குப் போட்டு, அந்தத் துண்டுகளைக் கோத்து ஒரு மாலையாக்கி, "இதை யாராவது செய்து பாருங்களேன்" என்று ஆய்வகங்களிடம் கெஞ்ச வேண்டும்.

நான் கணபதி என்கிற பகுதியில் குடியிருக்கும் இல்லத்தரசி. கல்யாணத்துக்கு முன்னால் நுண்ணுயிரியலில் எம்.எஸ்ஸி. பையன் காலேஜுக்குப் போனதும், ஒரு பேராசிரியரின் ஆய்வில் வீட்டிலிருந்தே பகுதிநேரமாகச் சேர்ந்தேன். எனக்கென்று வாய்த்த கிருமி கொனோரியா. தமிழில் வெட்டைநோய். உடலுறவில் தொற்றுவது, மருந்துகளுக்கு ஒவ்வொன்றாக டிமிக்கி கொடுத்துவருவது. இனப்பெருக்கப் பாடத்தின் பக்கங்களை ஸ்டேப்ளர் அடித்து மூடிய கன்னியாஸ்திரீகளிடம் படித்தவளுக்கு இப்படி ஒரு பிழைப்பு. வீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்து, அதுவும் வேலைதான் என்று ஊரை நம்பவைக்கப் படாதபாடு படுகிற உங்களுக்கு என் அவஸ்தை புரியும்.

ரிப்பன்

என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால், என் கணவர் "கம்ப்யூட்டர் டிசைனிங்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். பொய்யில்லைதான். ஆனால் அவர் தங்கை வாழ்க்கைப்பட்டிருப்பது சென்னிமலையில், போர்வை வியாபாரம் செய்யும் வீட்டில். அங்கே டிசைன் என்றால் ஒரே அர்த்தம்தான். ஒரு விருந்துக்குப் போன இடத்தில் என்னைப் பிடித்து உட்காரவைத்தாள். மயிலும் பூவும் எல்லாருக்கும் சலித்துவிட்டதாம், போர்வைக்குப் புதிதாக ஏதாவது வேண்டுமாம்.

விட்டால் போதும் என்று போனில் என் புரதத்தின் படத்தைக் காட்டினேன். சிவப்பும் நீலமுமாகச் சுருள்சுருளாக இருக்கும். அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. என்ன இது என்று கேட்டாள். எனக்குத்தான் மூடி மறைத்துப் பேச வராதே, எந்தக் கிருமி, அது எங்கே இருக்கும், எப்படித் தொற்றும் என்று ஒன்று விடாமல் சொன்னேன். போனை மெல்லக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கை என்பார்கள். அப்புறம் சொன்னாள்: "செரி நங்கை, அந்த ரிப்பனை மட்டும் போட்டுக் குடுங்க. எதோடதுன்னு வாங்கறவங்களுக்குத் தெரியவா போகுது?"

எனக்கு மட்டும் ஒண்ணு

எங்கள் மாடி போர்ஷனில் சுமதி குடியிருக்கிறாள். (பெயரை மாற்றிவிட்டேன். எழுதச் சொன்னதே அவள்தான்.) கணவனுக்கு ஆழ்துளைக் கிணறு, அதாவது போர் போடும் ரிக் வண்டியில் வேலை. வடக்கே போனால் மாதக்கணக்கில் வரமாட்டான். வெள்ளைப்படுகிறது, அடிவயிறு வலிக்கிறது என்று அவள் சொன்னபோதெல்லாம் மாமியார் "சூடு" என்று இளநீரும் வெந்தயமும் கொடுத்திருக்கிறார். நம் ஊரில் சூடு என்ற ஒரே வார்த்தைக்குள் எத்தனை நோய்கள் வாடகை தராமல் குடியிருக்கின்றனவோ தெரியவில்லை. நான்தான் சத்தம் போட்டு டாக்டரம்மாவிடம் துரத்தினேன். பரிசோதனையில் வந்தது சாட்சாத் என் கிருமியேதான்.

மருந்தில் சரியானது. கணவன் வந்துபோனதும் திரும்ப வந்தது. மறுபடி மருந்து, மறுபடி அவன். புருஷனும் சேர்ந்து மருந்து எடுக்காவிட்டால் ஒருநாள் கருக்குழாய் அடைத்துக்கொள்ளும், அப்புறம் குழந்தைக்கு வழி இருக்காது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவனோ தனக்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை. சுமதிக்குக் குழந்தை வேண்டும். என் சாப்பாட்டு மேசையில், லேப்டாப்புக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். நான் செய்வது ஊசியாக வெளியே வர எத்தனையோ வருஷம் ஆகும், வராமலேயும் போகலாம் என்று விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஊருக்கெல்லாம் மெதுவாக் குடுங்கக்கா. எனக்கு மட்டும், அவரு தீவாளிக்கு வாரதுக்குள்ள ஒண்ணு ரெடி பண்ணிக் குடுத்துருங்க."

காயில்

எங்கள் மாலை நம் உடம்பின் காவல் செல்களோடு ஒட்டி நிற்கிறதா, இல்லை கழன்று விழுகிறதா என்று பார்க்க ஒரு நீண்ட கணக்கு உண்டு. பேராசிரியரின் கல்லூரி வீட்டுக்குக் கொடுத்திருந்த பெரிய கம்ப்யூட்டரில் அதை இரவும் பகலுமாக ஓடவிட்டிருந்தேன். சுமதி தினமும் மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்து "ஆச்சுங்களாக்கா?" என்பாள். ஊசி அதிலிருந்து சொட்டாது என்று எத்தனை தடவை சொன்னாலும் பார்வை அந்தப் பெட்டி மேலேயே இருக்கும்.

முடியப்போகிற சமயத்தில் என் கணவர் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். அவருக்கு மோட்டார் ரீவைண்டிங் பட்டறை, சூடேறி எரிந்த காயிலைப் புதிதாகச் சுற்றிக் கொடுக்கிற வேலை. எது சூடாக இருந்தாலும் கை வைத்துப் பார்க்காமல் தாண்டமாட்டார். வைத்தார், சுவிட்சை அணைத்தார், ரசம் எங்கே என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தால் கான்வென்ட் இங்கிலீஷ்தான் வரும். கொட்டித் தீர்த்தேன். அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "கத்தாத அம்மணி. பெட்டி கொதிக்குது. நான் வந்ததால காயில் தப்பிச்சுது."

மேகம்

அதற்கப்புறம் வீட்டில் எதையும் ஓட்டுவதில்லை. எங்கோ இருக்கும் வாடகைக் கம்ப்யூட்டரில், அதாவது கிளவுடில். இந்த நேரம் பார்த்துக் கல்லூரியில் பொதுமக்களுக்குக் கண்காட்சி. எங்கள் பேராசிரியர் என்னைவிட இளையவர், இந்த ஊருக்குப் புதியவர், தமிழில் ஆங்கிலம் கலந்தால் முகம் சுளிப்பவர். என்னைக் கேட்காமலே பெரிதாக ஒரு போஸ்டர் அடித்து மாட்டியிருந்தார்: 'மேகக் கணினி வழியே தடுப்பூசி'. கிளவுட் என்றால் மேகம், சரிதான். ஆனால் மேகம் என்பது வானத்தில் மட்டும் இருப்பதா? பால்வினை நோய்களுக்கும் நாட்டு வைத்தியத்தில் அதே பேர்தான். மேகநோய், மேகவெட்டை, மேகப்புண் என்று பஸ் ஸ்டாண்டுச் சுவர் பூராவும் வைத்தியர்கள் எழுதிவைத்திருப்பது அவர் கண்ணில் பட்டதேயில்லை. எடுத்துவிடுங்கள் சார் என்றேன். கலைச்சொல் அகராதியில் இருக்கிறது அம்மா என்றார்.

மதியத்துக்குள் எங்கள் ஸ்டாலைச் சுற்றி நல்ல கூட்டம். எல்லாரும் ஆண்கள். எல்லாரும் பக்கத்து ஸ்டாலில் தென்னை வெள்ளை ஈயைப் பற்றிப் படிப்பதுபோல் நின்றுகொண்டு, ஓரக்கண்ணால் எங்கள் போஸ்டரைப் பார்த்தார்கள். மக்களின் அறிவியல் ஆர்வத்தைக் கண்டு பேராசிரியர் பூரித்துப்போனார். வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் மட்டும் துணிந்து வந்து, என் காதருகே குனிந்தார்: "ஏனுங்க அம்மணி, மேகம் பாக்கற கம்ப்யூட்டர் எந்த ரூம்ல வெச்சிருக்கீங்க? ஆளில்லாத நேரமாச் சொன்னீங்கன்னா வாரேன்."

பாயிண்ட்

தீபாவளி வந்தது, சுமதியின் கணவனும் வந்தான், ஊசி வரவில்லை. சுமதி தலையணையைத் தூக்கிக்கொண்டு கீழே எங்கள் ஹாலுக்கு வந்துவிட்டாள். டெஸ்ட் எடுக்காமல் கிட்டே வரக்கூடாது என்று அவனிடம் சொல்லிவிட்டாளாம். காலையில் அவன் என்னிடம் சண்டைக்கு இறங்கி வந்தான். "எம் பொண்டாட்டிக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்தீங்கக்கா?" என்று ஆரம்பித்தவன், லேப்டாப் திரையைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினான். கிருமியின் புரதம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது, நடுவில் ஒரு சிவப்புத் திட்டு.

போர் போடுவதற்கு முன்னால், தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று கம்ப்யூட்டரில் பார்த்து இடம் குறிப்பார்கள். பாயிண்ட் பார்ப்பது என்று பெயர். டாக்டரை நம்பாதவன் அந்தத் திரையை நம்பித்தான் கல்லைத் துளைக்கிறான். "பாயிண்ட் பாக்கறீங்களா?" என்றான், குரல் தணிந்து. ஆமாம், இந்தக் கிருமியை எங்கே அடிப்பது என்று பாயிண்ட் பார்க்கிறேன் என்றேன். அதுதானே என் வேலை. அது தனக்குள் இருக்கிறதா என்று கேட்டான். "இதுல தெரியாது. ஆஸ்பத்திரில டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும். வெளிய ஒண்ணும் காட்டாமயே உள்ள இருக்கும்" என்றேன். பிறகு சுமதியைக் கூப்பிட்டு பைக்கை எடுத்தான்.

இருந்தது. இருவருக்கும் ஒன்றாக மருந்து கொடுத்தார்கள். சொன்ன காலம்வரை தள்ளியிருந்து, மறுபரிசோதனைக்கும் போனார்கள். இருவருக்கும் ஒன்றுமில்லை. குழாய் அடைபடவில்லை, குழந்தைக்குத் தடையில்லை என்றார் டாக்டரம்மா. சுமதி அதைச் சொல்லும்போது என் சமையல்கட்டில் நின்று அழுதாள். நான் வெங்காயம் நறுக்குவதாகப் பேர் பண்ணினேன். வண்டிக்குக் கிளம்பும் அன்று அவன் சொல்லிக்கொள்ள வந்தான். போன இடத்தில் ஒழுங்காக இருக்கச் சொன்னேன். தலையாட்டிவிட்டு, தயங்கித் தயங்கி நின்றவன் சொன்னான்: "எங்க வண்டில இன்னும் நாலு பேரு இருக்கறாங்கக்கா. அடுத்த தடவை கூட்டிட்டு வாரேன், அவங்களுக்கும் பாயிண்ட் பாத்துச் சொல்லிப்போடுங்க."

ஆக, என் தடுப்பூசி இன்னும் ஒரு எலியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, என் சாப்பாட்டு மேசைக்கு மட்டும் முன்பதிவு ஆரம்பித்துவிட்டது.