கீழ்வீட்டுத் தொலைபேசி

பிரேசர் டவுனில் நான் குடியிருந்த மாடி வீட்டுக்கு இணையம் கீழ்வீட்டுத் தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் வந்தது. லைன்மேன் மாடிப்படிக்கு அடியில் ஸ்ப்ளிட்டர் என்ற சின்ன வெள்ளைப் பெட்டியை மாட்டி, ஒரு கம்பியைக் கீழே குடியிருந்த வீட்டுக்காரரின் போனுக்கும் இன்னொன்றை என் மோடத்துக்கும் பிரித்துக் கொடுத்தார்.

ஒரே வாரத்தில் வீட்டுக்காரர் அந்தப் பெட்டியைப் பிடுங்கிவிட்டுக் கம்பிகளை வெறுமனே முறுக்கிவிட்டார். அன்றிலிருந்து கீழே ரிசீவரை எடுத்தால் மேலே என் இணைப்பு அறுந்தது. அலுவலகக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருப்பேன். திரையில் முகங்கள் அப்படியே உறைந்து நிற்கும்.

கேட்கப் போனேன்.

"அந்தப் பெட்டி வந்ததுலேர்ந்து போன்ல குரலே சரியா கேக்கல. என் பொண்டாட்டிக்கு ஏற்கெனவே காது மந்தம். எங்க ரெண்டு பேருக்கும் மொபைலும் கிடையாது."

"சார், பெட்டி இல்லன்னா எனக்கு வேலையே போயிடும்."

"போன் எங்களுது. நீ நேத்து வந்தவ. சும்னே தலை தின்னாதம்மா." கன்னடம் கலந்து சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த வாரம் எனக்கு வேறொரு கம்பெனியில் நேர்காணல், வீடியோ வழியாக. அன்று காலை அவர் சிவாஜிநகருக்குப் போனதும் கீழே இறங்கி, முறுக்கைப் பிரித்து, அவர்கள் போனுக்குப் போகும் கம்பியை மட்டும் உருவினேன். முக்கால் மணி நேரம் தடங்கலே இல்லை. நன்றாகப் பேசினேன். திரும்ப மாட்ட மறந்துவிட்டேன் என்று பிறகு மற்றவர்களிடம் சொன்னேன். மறக்கவில்லை. ஒரு நாளாவது அனுபவிக்கட்டும் என்றுதான் விட்டேன்.

சாயங்காலம் அவர்களுடைய மகள் ஓசூரிலிருந்து கைக்குழந்தையோடு வந்து என் கதவைத் தட்டினாள்.

"காலைலேர்ந்து போன் பண்றேன். ரிங் போகுது, யாரும் எடுக்கல. என்ன ஆச்சோன்னு பஸ்ல பூரா அழுதுட்டே வந்தேன். இங்க படிக்கு அடியில கம்பி உருவிக் கெடக்கு. நீங்கதான் கழட்டினீங்களா?"

"உங்கப்பா என் பெட்டியக் கழட்டினாரே, அத யார் கேட்டா?"

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு என்னையே பார்த்தாள். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. நானே இறங்கிப் போய்க் கம்பியை மாட்டினேன். என் பின்னால் வீட்டுக்காரர் நின்றுகொண்டு, "மாசக் கடைசில காலி பண்ணிடு" என்றார்.

"சந்தோஷமா பண்றேன்."

வேலை கிடைத்தது. ஆடுகோடியில் வீடு பார்த்தேன். சாமான் ஏற்றும் நாளில், வீட்டுக்கார அம்மா ஜன்னலோரம் ரிசீவரைக் காதில் அழுத்திப் பிடித்து உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், பேச்சை நிறுத்தாமலே ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினார்.