நபீலுக்காக நான் பேசிய பிரெஞ்சு

கொத்துரொட்டி போடும் சத்தம் நின்றதுதான் முதல் அறிகுறி.

பாரிஸ் லா சப்பலில் என் சாப்பாட்டுக்கடைக்குள் பாதிப்பேர் அந்தச் சத்தத்துக்கே வருவார்கள். எகிப்திலிருந்து வந்த நபீலுக்கு அந்த வேலையைப் பழக்கியது நான்தான். யாழ்ப்பாணத்தானே அவனிடம் தோற்பான். அன்று மத்தியானம் இரண்டு தகடுகளையும் பிடித்தபடி அப்படியே நின்றான். 2009இல் வன்னிப் போரில் சொந்தங்களை இழந்த நம்மவர்கள் இப்படி உறைந்து நின்றதைக் கண்டவன் நான். களைப்பு என்று விட்டுவிடவில்லை.

சில நாளில் அவனே சொன்னான்: "அண்ணை, எனக்கு உயிரோடை இருக்க விருப்பமில்லை."

ஆஸ்பத்திரியில் மனநல வைத்தியரிடம் நாள் எடுத்தேன். நம்மவர்கள் எந்த அரசாங்கக் கந்தோருக்கும் மொழிபெயர்க்கத் தெரிந்த ஆள் ஒருவரைக் கூட்டிப்போவது வழக்கம். நபீலுக்குப் பிரெஞ்சு வராததால் நானும் பக்கத்து இறைச்சிக்கடை எகிப்துக்காரரைக் கூட்டிப்போனேன். அவரைக் கண்டதும் நபீல் வாயை மூடிக்கொண்டான்.

நடைகூடத்தில் என் கையைப் பிடித்து, என் சமையலறையில் பழகிய தமிழில் சொன்னான்: "அண்ணை, நான் ஆம்பிளையளைத்தான் விரும்புறவன். ஊரிலை டொக்டரிட்டைச் சொன்னன். அவர் என்ரை அப்பாவுக்கு ரெலிபோன் அடிச்சார். இந்த இறைச்சிக்கடைக்காரரும் அடிப்பார்."

நான் கேட்டேன்: "நீ சாகப்போறியோ, இல்லையோ?"

"தெரியாது அண்ணை."

"அப்ப உள்ளை வா. நான் கதைக்கிறன்."

இறைச்சிக்கடைக்காரரை அனுப்பிவிட்டேன். அவன் தமிழில் சொல்ல, நான் பிரெஞ்சில் சொன்னேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான், பாரிஸ் ஆஸ்பத்திரியில் ஓர் அரபிக்கு மொழிபெயர்ப்பாளர்! வைத்தியர் அம்மா 'திப்ரெசியோன்' (மனச்சோர்வு நோய்) என்றார்.

"மற்றதும் மருந்துக்கு மாறுமோ?" என்று கேட்டேன்.

"அது நோயே இல்லை, மிஸ்யூ. பயந்து பயந்து வாழ்ந்ததுதான் இவரை இப்படி ஆக்கியது."

மாத்திரை உடனே கேட்கவில்லை. நடுவில் தானாக நிறுத்தினான், மறுபடி விழுந்தான். திரும்பவும் கூட்டிப்போனேன்.

அவன் சம்மதத்தோடு மனைவிக்குச் சொன்னேன். "சனம் என்ன சொல்லும்?" என்றாள்.

"சனத்துக்குக் கொத்துப் போடுறதே அவன்தானே. சாப்பிட்டிட்டுச் சொல்லட்டும்."

இப்போது கடை பூட்டியிருக்கும் திங்கட்கிழமைகளில், என் மேசையிலிருந்து, வைத்தியர் அம்மா தொடர்பு எடுத்துக்கொடுத்த எகிப்து வைத்தியர்களுடன் கணினியில் பேசுகிறான். நோயாளி சொல்வதை வீட்டுக்குச் சொல்லாதீர்கள், அவனை மாற்றப் பார்க்காமல் சோர்வுக்கு வைத்தியம் பாருங்கள் என்கிறான். சிலர் பாதியில் போய்விடுகிறார்கள். சிலர் இருந்து கேட்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், யார் முன்னால் வாய் திறப்பாய் என்று முதலில் அவரிடமே கேளுங்கள்.

கொத்துச் சத்தம் திரும்பிவிட்டது. முன்பு எனக்கு அது வியாபாரம். இப்போது ரொட்டியைப் புரட்ட அவன் கை ஓயும்போதெல்லாம் என் மூச்சும் நின்றுவிடுகிறது. தகட்டின் அடுத்த சத்தம் கேட்கும்வரை எனக்கு நேரம் நகர்வதில்லை.