கீழ்வீட்டில் வளர்ந்த ஓநாய்ச்சிறுத்தை

எழுபதுகளில் பெஹாலாவில் எங்களுக்குக் கீழ்வீட்டில் இருந்த தமிழர் ஏதோ கம்பெனியில் அதிகாரி. யார் தட்டினாலும் கதவை அரையடிக்கு மேல் திறக்கமாட்டார். அந்த இடுக்கில் அவருடைய நீள மூக்கும் கண்ணாடியும் மட்டும் தெரியும்.

துர்கா பூஜைக்குச் சந்தா வாங்கும் கிளப் பையன்களிடம் தப்பித்தவர் அந்தத் தெருவில் கிடையாது. ஒரு வருஷம் அவர்கள் கீழ்வீட்டுக் கதவைத் தட்டியபோது நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். இவர் குரலைத் தாழ்த்தி, "உள்ளே ஒரு மிருகம் வளர்க்கிறேன். அப்பன் சிறுத்தை, அம்மா ஓநாய். அதுக்குத் தீனி போடவே சம்பளம் போதலை" என்று வங்காள மொழியில் சொன்னார்.

பையன்கள் திரும்பிப் போனார்கள். மறுநாளே டீக்கடையில், அதைச் சிறுத்தை என்பதா ஓநாய் என்பதா என்று இரண்டு கட்சி. அதன் உறுமலில் தூக்கம் போயிற்று என்றார் எதிர்வீட்டு மாஸ்டர். தயிர்சாதம் சாப்பிடுகிற வீட்டில் அதற்கு மீன் யார் போடுவது என்று பெண்களுக்குக் கவலை.

சப்தமியன்று அவரோடு பந்தலுக்குப் போனேன். துர்கையின் காலடியில் சிங்கத்தைக் காணோம். ஓநாய் முகமும் புள்ளி உடம்புமாக ஒன்று அசுரனைக் கடித்துக்கொண்டிருந்தது.

"இதுதான் அண்ணா, உங்க சந்தா" என்றான் கிளப் செயலாளர் பையன்.

இவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு என் காதருகே குனிந்து, "வால் சரியா வரலை சார். நம்மளோடதுக்கு இன்னும் நீளம்" என்றார்.

சிரிப்பார் என்று முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. அதற்கப்புறம் அந்தக் கதவைத் தட்ட எனக்கும் கொஞ்சம் தயக்கம்தான்.