மிலாதின் வீட்டு வாசலில் மூன்று முத்தம்

எங்கள் தெருத் தபால்காரன் மிலாதினின் உயிரைக் காப்பது அவன் அக்கா ஸ்தான்கா கொடுத்த கிட்னி. ஆறு வருஷமாயிற்று. வேற்றாள் கிட்னியென்று உடம்பு அதை அழித்துவிடாமலிருக்க, காலை எட்டுக்கும் மாலை எட்டுக்கும் மாத்திரை. மாத்திரை உடம்பின் கையைக் கட்டிப்போடும். வெறும் சளி வந்தால்கூட எதிர்த்து நிற்கத் தெம்பிருக்காது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் அடித்த கூத்தைத்தான் சொல்கிறேன்.

டிசம்பரில் புனித நிக்கோலாஸ் நாள் அவர்கள் வீட்டு ஸ்லாவா, குடும்பத்தைக் காக்கும் புனிதருக்கு எடுக்கும் விழா. அன்றைக்கு யாரையும் அழைப்பதில்லை. வந்தவரைத் திருப்பி அனுப்புவதுமில்லை. போகாமலிருந்தால் பகை என்று அர்த்தம். போன வருஷம் அன்றைக்குப் பார்த்து எனக்குத் தொண்டை கரகரத்தது. சூடான ராக்கியா, எங்கள் ஊர்ப் பழச்சாராயம், இரண்டு மடக்கு ஊற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வாசலில் மிலாதின் கைகளை விரித்தான். "என்னடா ஒப்ராத், மூக்கு தக்காளியாட்டம் இருக்கு?"

"குளிருடா! கதவத் திறக்க இவ்ளோ நேரமா?"

கன்னத்தில் மூன்று முத்தம், எங்கள் வழக்கப்படி.

நாலாம் நாள் அவனுக்குக் காய்ச்சல். ஆறாம் நாள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வைரஸோடு உடம்பு சண்டை போட வேண்டுமென்று டாக்டர்கள் மாத்திரையைக் குறைத்தார்கள். கட்டவிழ்ந்த உடம்பு அந்தக் கிட்னி மேலேயே பாய்ந்துவிட்டால்? நடைபாதை பெஞ்சில் ஸ்தான்கா அக்கா உட்கார்ந்திருந்தாள். என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, நான்தான்க்கா. சளியோட வந்து முத்தம் குடுத்துட்டேன்."

"தெரியும்டா. வர்றவங்களுக்குக் குடுக்குற கோதுமைத் தட்டோட பக்கத்துலதானே நின்னேன்? ஒன் மூக்கப் பாத்ததுமே புரிஞ்சுது. ஸ்லாவாவுக்கு வந்தவன எப்படிப் போடான்னு சொல்றதுன்னு வாய மூடிக்கிட்டேன். என் கிட்னியவிட மரியாத பெருசாப் போச்சு."

அவள் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மூன்று வாரம் கிடந்து மிலாதின் பிழைத்தான். கிட்னியும் தப்பியது, கொஞ்சம் அடிபட்டு.

இந்த டிசம்பரிலும் பாழாய்ப்போன சளி சரியாக அதே நாளில் வந்து தொலைத்தது. போகாமலிருக்க மனசு கேட்கவில்லை. கேட்டுக்கு வெளியே பனியில் நின்று, "ஸ்லாவா வாழ்த்துடா!" என்று கத்தினேன். கூடவே ஒரு தும்மல். மிலாதின் ஜன்னலைத் துளி திறந்தான்.

"சளியாடா?"

போன வருஷம் சொல்லாததைச் சொன்னேன். "ஆமாடா, சளிதான்!"

"அப்புறம் இங்க என்னடா வேல? போடா வீட்டுக்கு, எருமை!"

எங்கள் ஊரில் ஸ்லாவா அன்று வாசலிலிருந்து துரத்தப்பட்ட முதல் ஆள் நான்தான். அவன் தோளுக்குப் பின்னால் ஸ்தான்கா அக்கா சிரித்தாள். சந்தோஷத்தில் அழுதுகொண்டே வீட்டுக்கு நடந்தேன்.